பன்றிக்கு வைத்த பாட்டு

எங்கள் கொல்லைக்கு வந்த பன்றிகள் என் குரலுக்குப் பயப்படவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை நிமிரத் தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் கொல்லை. மலைக்காட்டிலிருந்து இறங்கும் பன்றிக்கும் எனக்கும் அதில் ஆளுக்குப் பாதி. அந்தக் கணக்கை மாற்றத்தான் இந்தப் பக்கம் எல்லோரும் கொல்லைக்கு நடுவே கம்பு நட்டு, அதில் கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டிவைக்கிறோம். பேட்டரியில் ஓடும். உள்ளே மெமரி கார்டு. அவரவர் குரலில் அவரவர் திட்டிப் பதிவு செய்த வசவு, பொழுது சாய்ந்ததும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் பதிவு செய்தது வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. "ஓடு... ஓடிப் போ..." என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். கம்பத்தில் கட்டிக் கேட்டபோது, பந்தியில் பாயசம் வேண்டுமா என்று கேட்பதுபோல இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், கம்பத்தின் அடியிலேயே கிழங்கைத் தோண்டித் தின்றிருந்தன. கம்பத்தில் சேறு. முதுகு தேய்த்துக்கொண்டு போயிருக்கின்றன.

"இன்னாங்க, பன்னிக்கு விருந்து வெச்சிக்கினு இருக்கீங்களா?" என்றாள் என் மனைவி. ஸ்பீக்கரை என் கையிலிருந்து பிடுங்கினாள். வாசலில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் பதிவு செய்தாள்: "சீ, எழுந்திரு! துன்னது போதும், கெளம்பு! கெளம்புன்னா கெளம்பு!"

உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

அந்தக் குரலுக்கு ஒரு வாரம் ஒரு பன்றிகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கொல்லைக்கு மேலண்டைக் கொல்லைக்காரர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் அந்த மாதம் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எட்டாவது நாள் பன்றிகளுக்கு என் மனைவியும் பழகிப்போனாள். எனக்குப் பழக எட்டு வருஷம் ஆயிற்று.

அதனால் ஸ்பீக்கரைக் கழற்றிவைத்துவிட்டு, செல்போனில் தேட ஆரம்பித்தேன். பன்றி விரட்டும் சத்தம் என்று போட்டால் புலி உறுமுகிறது, நாய் குரைக்கிறது, வெடி வெடிக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனபோது போன் தானாகவே ஒரு படத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. பனி மூடிய காடு. மிருகத்தோல் போர்த்திய நாலைந்து ஆட்கள். முகத்தில் கரி. மார்பு வரைக்கும் தாடி. ஒருவர் கையில் தோல் பறை, அதை அடிக்க ஒரு எலும்பு. நம்மைப்போலப் பன்றியால் பாதிக்கப்பட்டவர்கள் போலிருக்கிறது, குளிருக்குத் தோல் போர்த்திக்கொண்டு விரட்டுகிறார்கள் என்று நினைத்துத்தான் தொட்டேன். சத்தியமாக.

மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். காதில் இயர்போன். முதலில் ஒரு காக்கை கத்தியது. பிறகு காற்று. பிறகு மோர்சிங் மாதிரி ஒன்று பல்லுக்குள் அதிர்ந்தது. அப்புறம் பறை. அவசரமே இல்லாத அடி, ஒன்று, இடைவெளி, இன்னொன்று. ஆள் ஒருவன் நம்மை நோக்கி நடந்துவருகிற அடி. நம் கொம்பு வாத்தியத்துக்கு உறவுக்காரன் போன்ற ஒன்று தூரத்தில் ஊதியது. கடைசியில் குரல். அது தொண்டையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. கிணற்றின் அடியிலிருந்து, சேற்றைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தது.

இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்த பார்வையில் அதுவும் திரும்பிப் பார்த்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். பேய்ப் படத்துக்குப் போய் இடைவேளையில் முறுக்கு வாங்க எழுந்து, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவன் நான். ஆனால் ஐந்து நிமிஷம் கழித்துக் கை தானாக இயர்போனை எடுத்தது. பயமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக எனக்கு வந்தது அதற்கு முன் கல்யாணத்தன்று மட்டும்தான்.

பத்து நாள் அதே வேலை. உரம் வாங்கக் கள்ளக்குறிச்சி போகும்போது வண்டியில் ஒரு காதில் அது, ஒரு காதில் லாரி ஹாரன். போனில் படித்துப் படித்துக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். வடக்கே, கடலும் பனியுமாக இருக்கிற நார்வே, ஸ்வீடன் பக்கத்துப் பழைய சாமிகளின் கதைகளை வைத்து இப்போதுள்ள ஆட்கள் பாடுகிறார்களாம். ஞானத்துக்கு விலையாக ஒரு கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த சாமி உண்டு. அவர் தோளில் இரண்டு அண்டங்காக்கை. சூரியனை ஒருநாள் விழுங்கப்போகிற ஓநாயும் உண்டு. எங்கள் ஊரில் அந்த வேலையை மலை செய்கிறது. ஐந்தரை மணிக்கே விழுங்கிவிடும்.

இதில் இரண்டு வகை. ஒன்று தோல், எலும்பு, கொம்பு, மோர்சிங்கோடு நிற்பது. இன்னொன்றில் இதே பறை, இதே புல்லாங்குழல், கூடவே மின்சார கிட்டார் வந்து கதவை உடைக்கும். ஒருவர் வயிற்றிலிருந்து உறுமுவார். ஃபோக் மெட்டல் என்று பெயர். உறுமலுக்கு நடுவே அந்தப் புல்லாங்குழல் மட்டும் எதுவும் நடக்காததுபோலக் குதித்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் புல்லாங்குழலிடம்தான் அதிகப் பயம். உறுமுகிறவன் கோபத்தில் இருக்கிறான், சரி. இது ஏன் சந்தோஷமாக இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கையில் ஆரம்பித்து உறுமலில் முடிகிற ஒரு பாட்டை எடுத்து மெமரி கார்டில் ஏற்றினேன். எனக்கே இப்படி என்றால் பன்றிக்கு எப்படி இருக்கும்! மனைவியிடம், நாய் குரைக்கும் சத்தம் என்று சொன்னேன். பொழுது சாயும் நேரத்தில் கம்பத்தில் கட்டி சுவிட்சைத் தட்டினேன். காக்கை கத்தியது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பறை மூன்றாவது அடி அடிக்கும்போது நான் வண்டியில் இருந்தேன். காவலுக்குப் போனவன், பன்றி ஓடுவதற்கு முன்னால் ஓடிவந்துவிட்டேன்.

காலையில் போனால் ஒரு கிழங்குகூடக் குறையவில்லை. வரப்பில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தத் தாடிக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் உழுந்துட்டுதாம். நேத்து சாயந்தரம் மாடு ஓட்டியாரப் போன எடத்துல பயந்துகினு, வரப்புலயே உழுந்து கெடந்துச்சாம். காய்ச்ச அனலா அடிக்குதாம்."

வந்த வண்டியை அப்படியே திருப்பி மச்சான் வீட்டுக்கு விட்டேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவர். முழுக் கோழியைத் தனியாகத் தின்றுவிட்டு, "கொழம்பு கம்மி" என்பவர். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோது நான் பெண்ணைப் பார்க்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திருப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. காலைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

திரும்பும் வழியில் கொல்லைக்குப் போய்க் கார்டைக் கழற்றினேன். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்த இடம் ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பழியைச் சாமி கொஞ்சம் பகிர்ந்துகொள்ளட்டும் என்றுதான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். போனால் அங்கே பூசாரி. மலையில் ஒரு கோயிலில் பூசை செய்கிறவர், பயந்தவர்களுக்கு மந்திரிப்பவர். எலுமிச்சம்பழத்தை மச்சானின் தலையைச் சுற்றி, உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மலை மேல இருந்து எறங்கி வந்திருக்குது. வாட்டசாட்டமான ஒண்ணு. வெள்ளிக்கெழம வந்து கட்டிடறேன். அதுவரைக்கும் ஊசி கீசி போட்றாதீங்க. அது ஒடம்பு மேல நிக்கும்போது ஊசி பட்டா உயிருக்கு ஆவாது."

மச்சானின் மனைவியை நான் அக்கா என்பேன். அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. "நீ இன்னா தம்பி சொல்ற? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா, வாணாமா?"

வீட்டில் இருந்த எல்லோரிலும், மலையிலிருந்து எதுவும் இறங்கி வரவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்தேன். கட்டிலில் மச்சானின் கை தொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலிலும் அது பெரிய கையாகத்தான் இருந்தது.

"பூசாரி சொல்றதும் சரிதாங்க்கா," என்றேன். அதோடு நிறுத்தினேனா? "எலுமிச்சம்பழம் நான் வாங்கியாறேன்."

இன்றைக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் எனக்கு என் முகம்தான் தெரிகிறது.

புதன்கிழமை மத்தியானம் பழத்தோடு போனேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு தொடவில்லை, கஞ்சி கொடுத்தாலும் துப்புகிறார் என்று அக்கா அழுதது. அது தண்ணீர் கொண்டுவரக் கொல்லைப்புறம் போனதும், மச்சான் திரும்பாமலேயே பேசினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"கதவச் சாத்து."

சாத்தினேன். சாத்தும்போது, தாழ்ப்பாள் போடாமல் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாரும் மலையில இருந்து வந்ததுன்றாங்க. மொதல்ல அதான் வந்துச்சு. உறுமிக்கினு. நான் அதுக்குப் பயப்படல மாப்ள. கல்ல எடுத்துகினு நின்னேன். அதுக்கு அப்புறம் அம்மா வந்துச்சு."

"எந்த அம்மா?"

"எத்தினி அம்மா எனக்கு? எங்கம்மா."

அவருடைய அம்மா, என் மாமியார், போய் இரண்டு வருஷமாகிறது.

"நல்லாக் கேட்டேன் மாப்ள. தெளிவா. 'துன்னது போதும், கெளம்பு'ன்னு சொல்லுச்சு. சின்ன புள்ளையில இருந்து தட்டு முன்னால உக்காந்தா அதத்தான் சொல்லும். இப்ப வந்து அதையே சொல்லுச்சு. கூப்புடுது. நான் எப்பிடி இன்னும் துன்னுவேன்?"

அக்கா தண்ணீரோடு உள்ளே வந்தது. நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே பாதித் தூரம் நடந்த பிறகுதான், அதில் ஏறி ஓட்டலாம் என்று ஞாபகம் வந்தது.

வீட்டில் யாரும் இல்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கார்டை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். இந்தமுறை ஓடவில்லை. காக்கை, காற்று, பறை, கொம்பு, உறுமல். பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு, நான் அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது வந்தது.

"சீ, எழுந்திரு! துன்னது போதும், கெளம்பு! கெளம்புன்னா கெளம்பு!"

கூம்புக்குள்ளே போய் வந்ததில் என் மனைவியின் குரலுக்கு இருபது வயது கூடியிருந்தது. நானும் அந்தக் குரலைக் கேட்டவன்தான். மாமியார் வீட்டு விருந்தில் மூன்றாவது முறை குழம்பு கேட்டபோது.

ஒரு மனிதன் செத்துப்போக ஒப்புக்கொண்டு படுத்திருக்கிறான். கூப்பிட்டது யார் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவரைக்கும் நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் விளையாட்டு. மச்சானின் கையைப் பற்றிய பயம் எங்கோ போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மனைவி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தாள். கட்டு தலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையில் சுமை இருந்தால் அடிக்கக் கை வராது என்ற கணக்கு. நார்வே, பறை, பன்றி, கார்டு, அவள் அண்ணன் கதவைச் சாத்தச் சொல்லிச் சொன்னது, எல்லாம். அவள் கட்டை இறக்கவே இல்லை.

"அத வெய்யி," என்றாள்.

வைத்தேன். உறுமல் வந்தபோது அவள் முகம் மாறவில்லை. கடைசியில் அவள் குரலே வந்தபோது புல்லுக்கட்டு தானாகச் சரிந்து கீழே விழுந்தது.

"எங்கம்மா," என்றாள். பிறகு, "இது நானா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு நாளா இத வாய்க்குள்ள வெச்சிகினு இருந்தியா நீ? வண்டிய எடு. அதையும் எடுத்துக்கோ."

அவளுக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை போய் 'நீ' வரும்.

நாங்கள் போனபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. போனிலேயே அவள் குரலை மட்டும் போட்டுக் காட்டலாம் என்றேன். "இதுலதான கேட்டுச்சு, இதுலயே கேக்கட்டும். வேறேதுல போட்டாலும் நம்பாது," என்றாள். அந்த ஸ்பீக்கரில் இருப்பது ஒரே சுவிட்ச்தான், பாட்டைத் தாண்டிப் போக வழியில்லை. அவள் குரல் வர வேண்டுமானால் பாட்டு முழுவதும் ஓடியாக வேண்டும்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசல்படியில், ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பை வெளியே பார்த்துத் திருப்பிப் போட்டுவைத்திருந்தேன். சுவிட்சைத் தட்டினேன்.

காக்கை கத்தியதுமே மச்சான் உடம்பு விறைத்தது. பறை ஆரம்பித்தது. அக்கா ஓடிவந்து, "நிறுத்து தம்பி, நிறுத்து!" என்று என் கையைப் பிடித்து இழுத்தது. "அண்ணி, சும்மா இரு!" என்று என் மனைவி அதட்டினாள். கொம்பு ஊதியது. மச்சான் கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார். உறுமல் வந்தபோது அவருக்குப் பல் கிட்டியது. எனக்கும்தான். அந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது முடியவே இல்லை. நடுவில் அந்த ஆள் செத்துவிட்டால் என்ற நினைப்பில் விரலைச் சுவிட்சிலேயே வைத்திருந்தேன். புல்லாங்குழல் அது பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது.

முடிந்தது. அந்த ஒரு மூச்சு அமைதி. என் மனைவி அண்ணனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கூம்பு பேசத் தொடங்கியபோது அவளும் பேசினாள், அதே சொல், அதே ஏற்றம், அதே இறக்கம்.

"...துன்னது போதும், கெளம்பு! கெளம்புன்னா கெளம்பு!"

மச்சான் கூம்பைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். மறுபடி கூம்பு.

"நீயா?"

"நாந்தாண்ணே. பன்னிக்குச் சொன்னது."

அவருடைய கண்ணில் தண்ணீர் ஓரமாக இறங்கி காதுக்குள் போனது. பிழைத்ததற்கா, வந்தது அம்மா இல்லை என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

"எவன் அந்த மொதல்ல உறுமனது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு, "எழுந்ததும் இருக்குது மாப்ள உனக்கு," என்றார். எழுந்திருக்கப் போவதாக அவர் சொன்னதே எனக்குப் போதும். பிறகு, "கஞ்சி இருந்தா குடு," என்றார் அக்காவிடம்.

அப்போதே வேன் பிடித்துக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டைபாய்டு என்றார்கள். திருப்பூரிலேயே தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், பயத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். "இத்தினி நாள் எங்க இருந்தீங்க?" என்று அவர் அதட்டியபோது நான் சுவரில் இருந்த கைகழுவும் படத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பூசாரிக்கு வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அதுவா எறங்கிடுச்சா? நல்லது," என்றார்.

ஐந்தாம் நாள் வார்டில் மச்சான், "எங்க, அந்தப் பாட்டக் குடு," என்றார். ஒரு இயர்போனை அவர் காதில் வைத்தேன், இன்னொன்று என் காதில். கண்ணை மூடிக் கேட்டார்.

"பம்பக்காரன் ஒருத்தன் இருக்கான்டா இதுல. நல்லா அடிக்கிறான். இன்னா சொல்லிப் பாடுறான்?"

போனில் பார்த்து வைத்திருந்தேன். "பனி போச்சு, வெயில் வந்துடுச்சு, ஆடு மாட்ட வெளிய உடுங்கன்னு பாடுறாங்களாம் மச்சான்."

"பொங்கப் பாட்டா?" சிரித்ததில் இருமல் வந்து, டிரிப்ஸ் குழாய் ஆடியது. "பொங்கப் பாட்டுக்காடா நான் படுத்தேன்?"

வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டைக் கேட்டார். பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, "கடைசியில வர்றத அழிச்சிட்டுத் தர்றேன் மச்சான்," என்றேன்.

"அதத் தொட்ட, கைய ஒடச்சிடுவேன்."

இப்போது அந்தக் கார்டு அவருடைய கொல்லையில் ஓடுகிறது. பன்றிகள் பத்தே நாளில் பழகிவிட்டன. அவர் எடுக்கவில்லை. மலை சூரியனை விழுங்கியதும் சுவிட்சைத் தட்டிவிட்டு, வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் உட்காருவார். காக்கை கத்தும், பறை நடந்து வரும், உறுமும். அவர் கடலை தின்றுகொண்டிருப்பார். கூம்பு, "துன்னது போதும், கெளம்பு," என்றதும் மிச்சக் கடலையை மடியிலேயே முடிந்துகொண்டு, வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து வீட்டுக்கு நடப்பார்.

இதை நான் ஒரே ஒருநாள்தான், அதுவும் சாலையில் வண்டியை நிறுத்தாமல் ஓட விட்டுக்கொண்டே பார்த்தேன். மற்ற நாட்களில் காக்கை கத்துவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடுவேன்.